ஆர்.வி-க்கு எத்தனை வாட்ஸ் ஜெனரேட்டர் வேணும்? வாங்குறதுக்கு முன்னாடி இந்த 10 நிமிடக் கணக்கைப் போடுங்க!

கலிஃபோர்னியாவின் பாலைவனப் பக்கம் ஒரு கேம்ப் கிரவுண்ட். மாலை 6 மணியாகியும் வெயில் இறங்கவில்லை. ஆர்.வி-யின் கூரையில் ஏ.சி ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே குழந்தைகள் டேப்லெட்டில் மூழ்கியிருக்கிறார்கள். அம்மா எலெக்ட்ரிக் குக்கரில் சாதம் வைத்துவிட்டார். அப்பா மைக்ரோவேவில் அப்பளத்தை வைத்து பட்டனை அழுத்துகிறார். பட்டென்று எல்லாம் அணைந்துபோகிறது!

வெளியே எட்டிப்பார்த்தால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பெட்ரோல் இருக்கு, எஞ்சின் ஓடுது, ஆனா கரன்ட் மட்டும் வரலை. பேனலில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. ஓவர்லோடு!

அமெரிக்காவில் ஆர்.வி எடுத்துக்கொண்டு நேஷனல் பார்க் சுற்றக் கிளம்பும் நம்மவர்களில் பலர், முதல் பயணத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் இது. 'போன தடவை பத்தலை, அதனால இந்தத் தடவை பெருசா வாங்கிடுவோம்' என்று 100 கிலோ எடையில் ஒன்றை வாங்கி, அதைத் தூக்கி இறக்க முடியாமல் தவிப்பவர்களும் உண்டு.

ஜெனரேட்டர் சைஸை ஆர்.வி-யின் நீளத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரே நேரத்தில் எதையெல்லாம் ஓட்டப்போகிறீர்கள், எந்த இடத்தில் ஓட்டப்போகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் போதும். வாங்க, கணக்கைப் போட்டுப் பார்ப்போம்!

முதல்ல, உங்களுக்கு ஜெனரேட்டர் வேணுமா?

நமக்கு கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ, ஹீரோயின் ஓய்வெடுக்கும் வண்டிதான் ஞாபகம் வரும். அமெரிக்க ஆர்.வி-யும் கிட்டத்தட்ட அதுதான். படுக்கை, கிச்சன், டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும். தானே ஓடும் மோட்டார் ஹோம் ஒரு வகை. பிக்கப் டிரக்கோ எஸ்.யு.வி-யோ இழுத்துச்செல்லும் டிரெய்லர் இன்னொரு வகை.

வாடகைக்குக் கிடைக்கும் மோட்டார் ஹோம்களில் பெரும்பாலும் ஜெனரேட்டர் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். பல வண்டிகளில் அது 4,000 வாட்ஸ் அளவில் இருக்கும். புக் செய்யும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள் என்று பார்த்துத் தனியாகக் கட்டணம் போடும் நிறுவனங்களும் உண்டு. இன்னொரு விஷயம், இந்த ஜெனரேட்டர் வண்டியின் டேங்க்கிலிருந்தே பெட்ரோலை எடுத்துக்கொள்ளும். டேங்க் கால் பங்குக்குக் கீழே போனால் அது ஓடாது. நடுக்காட்டில் வண்டியை நகர்த்தக்கூட பெட்ரோல் இல்லாமல் போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தெரியாதவர்கள் 'ஜெனரேட்டர் ரிப்பேர்' என்று கஸ்டமர் கேருக்கு போன் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

டிரெய்லர்களில் பெரும்பாலும் ஜெனரேட்டர் இருக்காது. போகும் இடத்தில் 'ஹூக்கப்' இருந்தால், அதாவது கேம்ப் கிரவுண்டிலேயே கரன்ட் கனெக்‌ஷன் கொடுத்தால், கவலையில்லை. ஆனால் யோசெமிட்டி பார்க்கில் இருக்கும் கேம்ப் கிரவுண்டுகளில் ஹூக்கப் கிடையாது. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் டிரெய்லர் வில்லேஜில் உண்டு, பக்கத்திலேயே இருக்கும் மேதர் கேம்ப் கிரவுண்டில் கிடையாது. யெல்லோஸ்டோனில் ஃபிஷ்ஷிங் பிரிட்ஜ் ஆர்.வி பார்க்கில் மட்டும்தான் உண்டு. இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் போர்ட்டபிள் ஜெனரேட்டர்.

ரன்னிங் வாட்ஸ், ஸ்டார்ட்டிங் வாட்ஸ்... என்ன வித்தியாசம்?

நடுரோட்டில் நின்றுபோன காரைத் தள்ளியிருக்கிறீர்களா? முதல் அடி நகர்த்தத்தான் நாலு பேர் தம் கட்ட வேண்டும். உருள ஆரம்பித்துவிட்டால் ரெண்டு பேர் போதும். மோட்டாரும் கம்ப்ரஸரும் இதே மாதிரிதான். ஸ்டார்ட் ஆகும் அந்த ஓரிரு விநாடிகளில் சுமார் இரண்டு மடங்கு பவர் கேட்கும். அது ஸ்டார்ட்டிங் வாட்ஸ். அதன்பிறகு சீராக ஓடுவதற்குத் தேவைப்படுவது ரன்னிங் வாட்ஸ்.

ஜெனரேட்டருக்கும் இரண்டு எண்கள் உண்டு. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது, சில விநாடிகள் மட்டுமே தரக்கூடிய அதிகபட்ச வாட்ஸ். மணிக்கணக்கில் தரக்கூடியது சின்ன எழுத்தில் இருக்கும். உதாரணமாக, ஆர்.வி-காரர்களிடம் பிரபலமான ஹோண்டா இ.யு 2200ஐ மாடலின் அதிகபட்ச அளவு 2,200 வாட்ஸ். தொடர்ந்து தருவது 1,800 வாட்ஸ்தான். நீங்கள் கணக்குப் போட வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை வைத்து.

எது எவ்வளவு வாட்ஸ் இழுக்கும்?

ஆர்.வி-க்குள் இரண்டு விதமான கரன்ட் ஓடுகிறது. லைட், வாட்டர் பம்ப், ஹீட்டரின் ஃபேன் போன்றவை 12 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. இவற்றுக்கு ஜெனரேட்டர் ஓட வேண்டியதில்லை. ஏ.சி, மைக்ரோவேவ், பிளக் பாயின்ட்டுகள் எல்லாம் 120 வோல்ட். கணக்கு இவற்றுக்குத்தான். கீழே இருப்பவை தோராயமான அளவுகள்:

* 13,500 பி.டி.யு ஏ.சி (நம்ம ஊர்க் கணக்கில் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் அதிகம்): ரன்னிங் 1,300 முதல் 1,800 வரை, ஸ்டார்ட்டிங் 2,700 முதல் 3,000 வரை
* 15,000 பி.டி.யு ஏ.சி (ஒண்ணேகால் டன்): ரன்னிங் 1,500 முதல் 2,000 வரை, ஸ்டார்ட்டிங் 3,300 முதல் 3,500 வரை
* மைக்ரோவேவ்: 1,500 (வெளியே 1,000 வாட்ஸ் என்று எழுதியிருப்பது சமைக்கும் பவர். பிளக்கிலிருந்து இழுப்பது அதைவிட அதிகம்)
* வாட்டர் ஹீட்டர், எலெக்ட்ரிக் மோடில்: 1,400
* இண்டக்‌ஷன் ஸ்டவ்: 1,800 வரை
* எலெக்ட்ரிக் கெட்டில்: 1,500
* ஹேர் டிரையர்: 1,875 வரை
* இன்ஸ்டன்ட் பாட், 6 குவார்ட்: 1,000
* எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர்: 400 முதல் 700 வரை
* மிக்ஸி, அமெரிக்க வோல்டேஜ் மாடல்: 550
* பேட்டரி சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டர்: 500 முதல் 900 வரை
* ஆர்.வி ஃபிரிட்ஜ், எலெக்ட்ரிக் மோடில்: 300 முதல் 400 வரை, கேஸ் மோடில் கிட்டத்தட்ட பூஜ்யம்
* ஸ்டார்லிங்க்: 50 முதல் 100 வரை
* டிவி: 50 முதல் 100 வரை, லேப்டாப்: 60 முதல் 100 வரை, போன் சார்ஜர்: 20

லிஸ்ட்டைப் பார்த்தால் ஒன்று புரியும். சூடாக்கும் பொருள்தான் கரன்ட்டைக் குடிக்கும். ஆர்.வி-யில் புரொப்பேன் கேஸ் அடுப்பு இருக்கிறது. ஃபில்டர் காபி, இட்லி, சாம்பார் எல்லாம் அதிலேயே முடித்துவிடலாம். இட்லிக்கு ஆகும் வாட்ஸ்: பூஜ்யம்!

இந்த லிஸ்ட்டில் இரண்டு திருடர்கள் ஒளிந்திருக்கிறார்கள். ஒன்று, வாட்டர் ஹீட்டர். எலெக்ட்ரிக் மோடில் இருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். சத்தமே இல்லாமல் 1,400 வாட்ஸ் போய்க்கொண்டிருக்கும். அதை கேஸ் மோடுக்கு மாற்றுங்கள். இரண்டாவது, கன்வெர்ட்டர். ஜெனரேட்டரை ஆன் செய்த நொடியிலிருந்து பேட்டரியை சார்ஜ் செய்ய ஆரம்பித்துவிடும். பேட்டரி காலியாக இருந்தால் இன்னும் அதிகமாக இழுக்கும். முதல் பாராவில் பார்த்த குடும்பத்தின் கணக்கில் வராமல் போனது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

உங்கள் பொருளின் சரியான அளவு தெரிய வேண்டுமா? அதன் பின்னால் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆம்ப் மட்டும் போட்டிருந்தால் அதை 120-ஆல் பெருக்குங்கள். 5 ஆம்ப் என்றால் 600 வாட்ஸ்.

கணக்கைப் போடுவோமா?

ஃபார்முலா ரொம்ப சிம்பிள். ஒரே நேரத்தில் ஓடப்போகும் எல்லாவற்றின் ரன்னிங் வாட்ஸையும் கூட்டுங்கள். பிறகு, அவற்றில் எதற்கு ஸ்டார்ட்டிங் வாட்ஸ் அதிகமோ, அந்த ஒன்றுக்கு மட்டும் ஸ்டார்ட்டிங்குக்கும் ரன்னிங்குக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேருங்கள். எல்லாமே ஒரே நொடியில் ஸ்டார்ட் ஆகாது என்பதால் ஒன்றுக்குச் சேர்த்தால் போதும்.

கூட்டிய ரன்னிங் வாட்ஸ், ஜெனரேட்டரின் ரன்னிங் வாட்ஸில் 80 சதவிகிதத்துக்குள் இருந்தால் நிம்மதி.

*1. ஏ.சி வேண்டாம், குளிர்ச்சியான இடத்துக்குத்தான் போறோம்!*

கன்வெர்ட்டர் 500 + ரைஸ் குக்கர் 700 + லேப்டாப் 80 + இரண்டு போன் 40. மொத்தம் 1,320 வாட்ஸ். தொடர்ந்து 1,800 வாட்ஸ் தரும் சின்ன ஜெனரேட்டரில் இது 73 சதவிகிதம். தாராளமாகப் போதும். இதோடு மிக்ஸியையும் போட்டால் 1,870 ஆகிவிடும். எனவே, சாதம் வெந்து குக்கர் 'வார்ம்' மோடுக்குப் போனபிறகு சட்னி அரையுங்கள். ஐந்து நிமிடம் காத்திருந்தால் சில நூறு டாலர்கள் மிச்சம்.

*2. ஏ.சி கண்டிப்பா வேணும்!*

13,500 பி.டி.யு ஏ.சி 1,600 + கன்வெர்ட்டர் 500 + டிவி 80 + லேப்டாப் 80 + போன் 40. மொத்த ரன்னிங் வாட்ஸ் 2,300. ஏ.சி-யின் ஸ்டார்ட்டிங் 2,900 என்று வைத்துக்கொண்டால், கூடுதலாக 1,300. ஆக உச்சம் 3,600 வாட்ஸ்.

ஏ.சி-யை முதலில் ஆன் செய்துவிட்டு மற்றதையெல்லாம் பிறகு போட்டால் தப்பிக்கலாமே என்று தோன்றும். கம்ப்ரஸர் ஒருமுறை ஸ்டார்ட் ஆனதோடு முடியாது. அறை குளிர்ந்ததும் நிற்கும், சூடானதும் மறுபடி ஸ்டார்ட் ஆகும். அந்த நேரத்தில் டிவி, சார்ஜர் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் உச்சக் கணக்கை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இந்தக் குடும்பத்துக்கு ரன்னிங் குறைந்தது 2,900, ஸ்டார்ட்டிங் 3,600-க்கு மேல் உள்ள ஜெனரேட்டர் வேண்டும். அதிலும் மைக்ரோவேவ் போடும்போது ஏ.சி-யை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

*3. பெரிய ஆர்.வி, இரண்டு ஏ.சி!*

இரண்டு ஏ.சி 3,400 + கன்வெர்ட்டர் 600 + மற்றவை 200. மொத்தம் 4,200. இரண்டாவது ஏ.சி ஸ்டார்ட் ஆக இன்னும் 1,600 சேர்த்தால் 5,800. அதாவது ரன்னிங் 5,500, ஸ்டார்ட்டிங் 6,500 என்ற ரேஞ்சில் பார்க்க வேண்டும்.

அப்போ பெருசா வாங்கிட்டா பிரச்னை தீர்ந்ததா?

இல்லை. முதல் காரணம், உங்கள் ஆர்.வி-யின் பிளக். 30 ஆம்ப் ஆர்.வி என்றால் அதன் வழியாக உள்ளே வரக்கூடிய அதிகபட்சமே 3,600 வாட்ஸ்தான் (30 x 120). 7,000 வாட்ஸ் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வைத்தாலும் மீதி வெளியேதான் நிற்கும். 50 ஆம்ப் ஆர்.வி-யில் 12,000 வாட்ஸ் வரை வரலாம். அதற்காக 12,000 வாட்ஸ் ஜெனரேட்டர் வாங்கணும்னு அர்த்தம் இல்லை.

இரண்டாவது, எடை. 2,200 வாட்ஸ் ஹோண்டா சுமார் 21 கிலோ. ஒரே ஆள் தூக்கிவிடலாம். 7,000 வாட்ஸ் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் 100 கிலோவைத் தாண்டும்.

மூன்றாவது, பெட்ரோல். அதே சின்ன ஹோண்டாவின் டேங்க் கொள்ளளவு 0.95 கேலன், கிட்டத்தட்ட 3.6 லிட்டர். முழு லோடில் 3.2 மணி நேரம் ஓடும், சுமார் 5.8 யூனிட் கரன்ட் கிடைக்கும். கால் பங்கு லோடில் 8.1 மணி நேரம் ஓடும், ஆனால் கிடைப்பது 3.6 யூனிட்தான். லோடு குறையக் குறைய ஒரு யூனிட்டுக்கு ஆகும் பெட்ரோல் கூடுகிறது. போன் சார்ஜ் போட பெரிய ஜெனரேட்டரை ஓட்டுவது, ஒரு டம்ளர் காபிக்குக் கல்யாணப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவது மாதிரி.

பெருசா ஒண்ணா, சின்னதா ரெண்டா?

இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. ஒரே மாடலில் இரண்டு சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களை 'பேரலல் கேபிள்' போட்டு இணைக்கலாம். இரண்டு 2,200 சேர்ந்தால் ஸ்டார்ட்டிங் 4,400, ரன்னிங் 3,600. 30 ஆம்ப் ஆர்.வி-யின் முழு அளவும் இதிலேயே வந்துவிடுகிறது. வெயில் காலத்துக்கு இரண்டையும் எடுத்துப்போகலாம். குளிர் காலத்தில் ஒன்று போதும். ஒன்று மக்கர் பண்ணினாலும் இன்னொன்று கை கொடுக்கும். விலை, பெரிய ஒன்றைவிட அதிகமாக வரலாம். பேரலல் வசதி உள்ள மாடலா என்று பார்த்து, அந்த நிறுவனம் அதற்கென்று தரும் கேபிளையே பயன்படுத்துங்கள்.

இன்னொரு வழி, ஏ.சி-க்கு 'சாஃப்ட் ஸ்டார்ட்டர்' பொருத்துவது. கம்ப்ரஸரை ஒரேயடியாக உதைக்காமல் மெதுவாகக் கிளப்பிவிடும் சின்ன பெட்டி இது. ஸ்டார்ட்டிங் இழுப்பைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடும். இதைப் பொருத்திவிட்டு ஒற்றை 2,200 ஜெனரேட்டரிலேயே 13,500 பி.டி.யு ஏ.சி-யை ஓட்டுபவர்கள் நிறைய பேர். ஆனால், அந்த நேரத்தில் வேறு எதையும் பெரிதாக ஓட்ட முடியாது. கன்வெர்ட்டரைக்கூட ஆஃப் செய்ய வேண்டியிருக்கும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் குறைப்பது ஸ்டார்ட்டிங் வாட்ஸை மட்டும்தான். ரன்னிங் வாட்ஸ் அப்படியேதான் இருக்கும்.

மலை ஏறினால் பவர் இறங்கும்!

மேலே போகப் போக காற்று லேசாகும். காற்று குறைந்தால் எஞ்சினுக்குள் எரிவதும் குறையும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3.5 சதவிகிதம் பவர் போய்விடும்.

கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி உயரம். அங்கே கிட்டத்தட்ட கால் பங்கு காலி. 1,800 வாட்ஸ் தந்த ஜெனரேட்டர் 1,360 வாட்ஸ்தான் தரும். நல்லவேளையாக, அந்த உயரத்தில் கோடையிலும் இரவு குளிரும். ஏ.சி-க்கு வேலை குறைவு.

மாட்டிவிடுவது, உயரமும் வெயிலும் சேர்ந்த இடங்கள்தான். ஆர்ச்சஸ் நேஷனல் பார்க் பக்கத்தில் இருக்கும் யூட்டா மாகாணத்தின் மோவாப் சுமார் 4,000 அடி. கோடையில் கொளுத்தும். அங்கே 14 சதவிகிதம் குறையும். நாம் போட்ட இரண்டாவது கணக்கில் 3,600 வாட்ஸ் உச்சம் வேண்டும். 3,800 ஸ்டார்ட்டிங் உள்ள ஜெனரேட்டர் அங்கே சுமார் 3,270-தான் தரும். ஏ.சி ஸ்டார்ட்டே ஆகாது! 4,400 உள்ளது என்றால் 3,780 தரும், தப்பித்துவிடலாம். வீட்டு வாசலில் டெஸ்ட் செய்தபோது ஜோராக ஓடியது அங்கே போய்ப் படுத்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

பெட்ரோல், புரொப்பேன் இரண்டிலும் ஓடும் 'டூயல் ஃபியூயல்' மாடல் என்றால், புரொப்பேனில் ஓட்டும்போது இன்னும் 10 சதவிகிதம் வரை குறையும். அதையும் கழித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் புரொப்பேனுக்கு ஒரு பிளஸ் உண்டு. பெட்ரோலைப்போல சில மாதங்களில் கெட்டுப்போய் கார்புரேட்டரை அடைக்காது.

சத்தம்: வாட்ஸைவிட முக்கியம்!

கட்டட வேலைக்கு வாங்கும் சாதாரண ஜெனரேட்டர்கள் விலை குறைவுதான். ஆனால், சின்ன லோடுக்கும் அவற்றின் எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 சுற்றில் கத்திக்கொண்டே இருக்கும். இன்வெர்ட்டர் ஜெனரேட்டர், லோடுக்கு ஏற்ப எஞ்சின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சத்தமும் குறைவு, பெட்ரோலும் மிச்சம். லேப்டாப், போனுக்குத் தேவையான சீரான கரன்ட்டும் கிடைக்கும். ஆர்.வி-க்கு இன்வெர்ட்டர் வகைதான் சரி.

அமெரிக்க நேஷனல் பார்க்குகளில், 50 அடி தூரத்தில் 60 டெசிபலுக்கு மேல் சத்தம் போடும் ஜெனரேட்டருக்கு அனுமதி இல்லை. நேரக் கட்டுப்பாடும் உண்டு. யோசெமிட்டியில் காலை 7 முதல் 9, மதியம் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரை மட்டுமே ஓட்டலாம். யெல்லோஸ்டோனில் அனுமதி உள்ள கேம்ப் கிரவுண்டுகளில் காலை 8 முதல் இரவு 8 வரை. கிளம்பும் முன் அந்தந்த பார்க்கின் இணையதளத்தில் நேரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதை யோசித்துப் பாருங்கள். இரவு முழுக்க ஏ.சி போட்டுத் தூங்கலாம் என்றுதானே பெரிய ஜெனரேட்டர் வாங்க நினைத்தீர்கள்? இந்த இடங்களில் இரவில் ஓட்டவே முடியாது! அங்கே ஜெனரேட்டரின் வேலை, அந்த இரண்டு மணி நேரத்தில் பேட்டரியை நிரப்புவது மட்டும்தான். 500 வாட்ஸில் இரண்டு மணி நேரம் சார்ஜ் செய்தால் சுமார் ஒரு யூனிட். லைட், ஃபேன், போன் ஆகியவற்றுக்கு ஒரு ராத்திரி தாராளமாக ஓடும். நேஷனல் பார்க் மட்டும்தான் உங்கள் பிளான் என்றால், ஏ.சி கணக்கை மறந்துவிட்டு சின்ன ஜெனரேட்டரும் நல்ல பேட்டரியும் வாங்குங்கள். கொளுத்தும் பாலைவனத்தில் இரவு ஏ.சி இல்லாமல் முடியாது என்றால், அந்த ஒரு ராத்திரிக்கு ஹூக்கப் உள்ள இடத்தை புக் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

பேட்டரி பவர் ஸ்டேஷன் போதாதா?

சத்தமே இல்லை, புகை இல்லை, ஆர்.வி-க்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். லேப்டாப், கேமரா, ஸ்டார்லிங்க், டிவிக்கு சூப்பர் சாய்ஸ். ஏ.சி-க்கு வந்தால் கதை மாறும். 2 கிலோவாட் ஹவர், அதாவது இரண்டு யூனிட் பிடிக்கும் பவர் ஸ்டேஷனில் 1,600 வாட்ஸ் ஏ.சி இடைவிடாமல் ஓடினால் ஒண்ணேகால் மணி நேரத்துக்குள் காலி. வார இறுதிக்கு இரண்டு பேர் கேம்ப்பர் வேனில் போகிறீர்கள், ஏ.சி தேவையில்லை என்றால், ஜெனரேட்டரே வாங்காமல் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க!

வாட்ஸ் கணக்கு தப்பினால் கரன்ட் போகும். இது தப்பினால் உயிர் போகும்.

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. ஒரு போர்ட்டபிள் ஜெனரேட்டர் வெளியிடும் கார்பன் மோனாக்ஸைடு, நூற்றுக்கணக்கான கார்கள் வெளியிடுவதற்குச் சமம் என்கிறது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். போர்ட்டபிள் ஜெனரேட்டர்களிலிருந்து வரும் இந்த வாயுவால் அந்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக சுமார் 85 பேர் இறப்பதாகவும் அந்த ஆணையம் சொல்லியிருக்கிறது.

* ஆர்.வி-யிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். பக்கத்து டென்ட்டுக்கும் ஆர்.வி-க்கும் இதே தூரம் வேண்டும்.
* புகைக்குழாய் ஆட்களே இல்லாத பக்கம் பார்த்து இருக்கட்டும். அந்தப் பக்க ஜன்னல்களை மூடிவையுங்கள்.
* மழை வருகிறது என்று ஆர்.வி-க்கு அடியிலோ, ஷாமியானாவுக்குள்ளோ, டிரக்கின் மூடிய பின்பகுதியிலோ வைத்து ஓட்டாதீர்கள்.
* தூங்கும்போது ஓட வேண்டாம்.
* ஆர்.வி-க்குள் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு அலாரத்தின் டெஸ்ட் பட்டனை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அழுத்திப் பாருங்கள். அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு.
* வாயு அளவு கூடினால் தானாகவே அணைந்துவிடும் வசதி புதிய மாடல்கள் பலவற்றில் இருக்கிறது. அப்படிப்பட்டதையே வாங்குங்கள். அது இருந்தாலும் 20 அடி விதி மாறாது.

தலைவலி, தலைசுற்றல், வாந்தி... இவைதான் முதல் அறிகுறிகள். 'நாள் முழுக்க டிரைவ் பண்ணின களைப்பு', 'வெளியே சாப்பிட்டது ஒத்துக்கலை' என்று நினைத்துப் படுத்துவிடுவதில்தான் ஆபத்தே இருக்கிறது. ஒருவருக்கு மேல் இப்படி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். எல்லோரும் வெளிக்காற்றுக்கு வந்துவிட்டு 911-ஐ அழையுங்கள்.

பெட்ரோல் ஊற்றுவதற்கும் ஒரு விதி உண்டு. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

கனெக்ட் பண்ணும்போது...

சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் ஆர்.வி-யின் 30 ஆம்ப் பிளக் நேரடியாகப் பொருந்தாது. அதற்கான அடாப்டரை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். 20 அடி தள்ளி வைக்க எக்ஸ்டென்ஷன் கேபிள் தேவைப்பட்டால், 30 ஆம்ப் தாங்கும் 10 கேஜ் தடிமனில் வாங்குங்கள். மெல்லிய ஒயர் சூடாகும்.

ஆர்.வி-யில் சர்ஜ் புரொடெக்டர் பொருத்தியிருந்தால், ஜெனரேட்டரை கனெக்ட் செய்ததும் 'எரர்' காட்டி கரன்ட்டை உள்ளே விடாமல் போகலாம். பயப்பட வேண்டாம். பெரும்பாலான இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்பட்டிருக்காது. அதைத்தான் அது கோளாறு என்று நினைத்துக்கொள்கிறது. ஜெனரேட்டரில் செருகும் 'நியூட்ரல் பாண்டிங் பிளக்' ஒன்று கடைகளில் கிடைக்கிறது. மேனுவலைப் பார்த்துவிட்டு அதைப் பயன்படுத்துங்கள்.

ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய 230 வோல்ட் மிக்ஸியை மட்டும் இதில் போட்டுவிடாதீர்கள். இங்கே வருவது 120 வோல்ட். தேங்காய் அரையாது!

சுருக்கமாக... உங்களுக்கு எது?

* ஏ.சி இல்லாத வேன், சின்ன டிரெய்லர்: 2,000 முதல் 2,200 வாட்ஸ் வரை, ஒன்று
* சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்திய ஒரு ஏ.சி, சிக்கனமாக ஓட்டத் தயார்: 2,200 வாட்ஸ், ஒன்று. மலைப்பகுதி என்றால் இது போதாது
* 13,500 பி.டி.யு ஏ.சி, சமவெளி: ஸ்டார்ட்டிங் 3,600-க்கு மேல்
* அதே ஏ.சி, 4,000 அடி வரையிலான வெயில் பிரதேசம், அல்லது சமவெளியில் 15,000 பி.டி.யு ஏ.சி: ஸ்டார்ட்டிங் 4,400-க்கு மேல், அல்லது இரண்டு 2,200 பேரலலில்
* 50 ஆம்ப், இரண்டு ஏ.சி: ரன்னிங் 5,500, ஸ்டார்ட்டிங் 6,500

வாங்கியதும் பெட்டியோடு அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஒரு மதிய வெயிலில் வீட்டுக்கு வெளியே ஆர்.வி-யை நிறுத்தி, ஏ.சி, டிவி, சார்ஜர் எல்லாவற்றையும் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப்பாருங்கள். கம்ப்ரஸர் நின்று, மறுபடி ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியைக் கவனியுங்கள். அப்போது சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால், போகும் இடத்தின் உயரத்துக்கு ஏற்ப கழித்துப் பார்த்துவிட்டு பையை எடுத்து வையுங்கள். அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அழுத்த மறந்துடாதீங்க. ஹேப்பி ஜர்னி!